மூணு மாசமா நிக்காத இருமல், இது பரம்பரையா?

நீங்க கேட்டதை முதல்ல என் வார்த்தையில ஒரு தடவை சொல்லிடறேன், ஏன்னா பார்க்க ஒரே கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ள ரெண்டு மூணு கேள்வி கலந்து கிடக்கு. நாலு வயசுப் பொண்ணு, மூணு மாசமா இருமல், காலையில எழுந்ததும் இருமி இருமி சளியா வாந்தி எடுக்கறா, பல தடவை நெபுலைசர் வெச்சாச்சு, வீசிங், அலர்ஜிக்குக் குடுக்கற மாண்டிலூகாஸ்ட் சிரப் ஓடிட்டே இருக்கு, ஆனா நிக்கல. மாமியாருக்கு ஆஸ்துமா, வீட்டுக்காரருக்கு சின்ன வயசுல வீசிங், அவர் உங்க சொந்த அத்தை பையன். இது அவங்க குடும்பத்து வியாதியா, இல்ல சொந்தத்துல கட்டினதால வந்ததா, ஒரு லேப்ல சொல்ற ஜீன் டெஸ்ட்டை எடுத்துடலாமா, ரெண்டாவது குழந்தைக்கும் வருமா, இவ்வளவுதான் கேள்வி. யார் பக்கத்து ரத்தம்னு வீட்ல ஒரு பேச்சு ஓடிட்டு இருக்குன்னு நீங்க எழுதினதுலயே தெரியுது. மாமியாரே உங்க அப்பாவோட கூடப் பிறந்தவங்கதானே, அதனால அவங்க குடும்பம் உங்க குடும்பம்னு பிரிச்சுப் பார்க்கவே இதுல இடமில்லை, அந்தப் பேச்சை முதல்ல நிறுத்திடுங்க.

நான் குழந்தைகள் டாக்டர், இருபது வருஷத்துக்கு மேல இந்த இருமல் கேஸ்களைப் பார்த்துட்டு இருக்கேன். குழந்தையை நேர்ல பார்க்காம, நெஞ்சுல ஸ்டெத் வைக்காம, இதுதான்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது, என்னாலயும் முடியாது. எதை எந்த வரிசையில யோசிக்கணும்ங்கறதைத்தான் இங்க சொல்ல முடியும், அதுல ஜீன் கேள்வி கடைசியிலதான் வரும், ஆனா உங்க விஷயத்துல அதை ஒதுக்கித் தள்ளவும் கூடாது, ஏன்னு கீழ சொல்றேன்.

பெரியவங்களுக்கு 8 வாரம் தாண்டினாத்தான் நாள்பட்ட இருமல்னு சொல்வோம், குழந்தைங்களுக்கு 4 வாரமே போதும்னு பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்லுது. ஆனா கணக்கு எடுக்கறதுலயே ஒரு சிக்கல் இருக்கு. ஸ்கூல் போக ஆரம்பிச்ச புதுசுல ஒரு குழந்தைக்கு வருஷத்துக்கு 6 லேர்ந்து 8 தடவை சளி பிடிக்கறது சகஜம், ஒவ்வொரு தடவையும் இருமல் முழுசா நிக்க 25 நாள் வரைக்கும் ஆகலாம், பத்துல ஒரு குழந்தைக்கு அதுக்கு மேலயும் இழுக்கும். ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்தது வந்துட்டா அம்மாக்கு அது மூணு மாச இருமலாத்தான் தெரியும். அதனால நான் முதல்ல கேக்கறது, இந்த மூணு மாசத்துல ஒரு வாரமாவது சுத்தமா இருமல் இல்லாம இருந்தாளா? இருந்தான்னா அது தனித்தனி சளி, பெருசா பயப்பட வேண்டாம். ஒரு நாள் கூட விடலைன்னா அது வேற கதை.

அடுத்து, அது சளி இருமலா வறட்டு இருமலா. என்னைக் கேட்டா மத்த எல்லாத்தையும் விட இந்த ஒரு கேள்விக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி. அஞ்சாறு வயசு வரைக்கும் குழந்தைங்களுக்குச் சளியைத் துப்பத் தெரியாது, முழுங்கிடுவாங்க, அதனால சளி வெளிய வரலைங்கறதை வெச்சு வறட்டு இருமல்னு முடிவு பண்ணிடாதீங்க. காதுல கேக்கற சத்தம்தான் கணக்கு, இருமும்போது நெஞ்சுக்குள்ள கொரகொரன்னு ஏதோ உருளுற மாதிரி இருந்தா, முதுகுல கை வெச்சா அந்த அதிர்வு கைக்குத் தெரிஞ்சா, அது சளி இருமல். காலையில எழுந்த உடனே வர்ற இருமலை ரெண்டு மூணு நாள் ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி வைங்க, ஏன்னா கிளினிக்ல டாக்டர் முன்னாடி உக்கார்ந்ததும் ஒரு தடவை கூட இருமாத குழந்தைங்கதான் அதிகம். நீங்க எழுதினதைப் பார்த்தா எனக்கு இது சளி இருமலாத்தான் படுது, அப்படின்னா ஆஸ்துமாங்கற எண்ணமே கொஞ்சம் ஆட்டம் காணுது.

ஏன்னா ஆஸ்துமா இருமல் பெரும்பாலும் வறண்டு இருக்கும், நடுராத்திரி விடியக்காலைல வரும், ஓடி விளையாடினா, சிரிச்சா, ஏசி காத்து பட்டா கூடும், கூடவே நெஞ்சுல விசில் சத்தம் இருக்கும், இன்ஹேலர் ஒழுங்கா குடுத்தா கண்ணுக்குத் தெரிஞ்சு குறையும். விசிலே இல்லாம வெறும் இருமலா மட்டும் வர்ற ஆஸ்துமா இருக்கு, ஆனா நம்ம ஊர்ல அந்தப் பேரை வாங்கிட்டு சுத்தற குழந்தைங்க எண்ணிக்கையைப் பார்க்கும்போது, உண்மையில அது அவ்வளவு கிடையாது. பாட்டிக்கு ஆஸ்துமா, அப்பாக்கு வீசிங்னு கேட்ட உடனே டாக்டர் மனசுலயும் வீட்டுக்காரங்க மனசுலயும் முடிவு ஆயிடுது, அதுக்கப்புறம் மருந்து கேக்கலைன்னாலும் அதே மருந்தைத்தான் டோஸ் ஏத்திக் குடுக்கறோம். மாண்டிலூகாஸ்ட் பத்தியும் இங்கயே சொல்லிடறேன், 2020-ல அமெரிக்க மருந்து நிர்வாகம் அதோட அட்டையில கடுமையான எச்சரிக்கை போடச் சொல்லுச்சு, தூக்கத்துல அலறறது, எரிச்சல், குணம் மாறிப்போறது மாதிரி மனசு சம்பந்தப்பட்ட பிரச்சினைகளுக்காக. தேவைப்பட்டவங்களுக்கு அது நல்ல மருந்துதான், ஆனா எதுக்குன்னு தெரியாம மாசக்கணக்கா குடுக்கற சிரப் அது கிடையாது. நீங்களா நிறுத்த வேண்டாம், அடுத்த தடவை போறப்போ "இது இன்னும் தேவையா டாக்டர்"னு நேரா கேளுங்க.

ஆஸ்துமா பரம்பரையா வருமான்னா, வரும், அதுல சந்தேகமே இல்லை. இரட்டைக் குழந்தைகளை வெச்சு பண்ணின ஆய்வுகள்ல ஜீனோட பங்கு பாதிக்கு மேலன்னு தெரிஞ்சிருக்கு, 2007-ல 17-ஆவது குரோமோசோம்ல ஒரு பகுதிக்கும் குழந்தைப் பருவ ஆஸ்துமாக்கும் தொடர்பு கண்டுபிடிச்சாங்க, அதுக்கப்புறம் இன்னும் நிறைய இடங்கள் தெரியவந்துச்சு. ஆனா இதுல எந்த ஒரு ஜீனும் தனியா நின்னு வியாதியை உண்டாக்கறதில்ல. ஒவ்வொண்ணும் ஆபத்தைக் கொஞ்சம் கொஞ்சம் கூட்டும், மேல வைரஸ் சளி, தூசி, புகை எல்லாம் சேர்ந்தாத்தான் ஆஸ்துமா வெளிய வரும், குடும்பத்துலேர்ந்து வர்றது வியாதி இல்ல, வியாதிக்கான சாய்வு. அதனாலதான் ஆஸ்துமாவுக்குன்னு எந்த லேப் ஜீன் டெஸ்ட் எடுத்தாலும் உங்க பொண்ணோட சிகிச்சையில ஒரு மாத்திரை கூட மாறப் போறதில்ல.

இதுல இன்னொண்ணு, ஒரே வீட்ல நாலு பேருக்கு இருமல்னா உடனே பரம்பரைன்னு சொல்லிடறோம், ஆனா அந்த நாலு பேரும் ஒரே புகையைத்தான் மூச்சுல இழுக்கறாங்க. ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுசா எரிஞ்சா 75 லேர்ந்து 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள் வெளிய விடுதுன்னு 2003-ல வந்த ஒரு ஆய்வுல அளந்து பார்த்திருக்காங்க, அதை ஜன்னலைச் சாத்தின பெட்ரூம்ல குழந்தை தலைமாட்டுல ராத்திரி முழுக்க வைக்கறோம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுவத்தி, அப்பா மொட்டை மாடிக்குப் போய் சிகரெட் பிடிச்சாலும் சட்டையில தங்கற புகை, விறகடுப்பு இருந்தா அது, எல்லாமே கணக்குதான். கொசுவலை கட்டுங்க, சுருளை நிறுத்துங்க. எந்த டெஸ்ட்டுக்கும் முன்னாடி இன்னிக்கு ராத்திரியே பண்ணக்கூடியது இதுதான்.

சரி, சளி இருமல்னு வெச்சுப்போம், அப்ப என்ன? இந்த வயசுல அதுக்கு முக்கியமான காரணம் ஒண்ணு இருக்கு, நம்ம ஊர்ல அதை யாரும் அதிகமா பேசறதில்ல. மூச்சுக்குழாய்கள்ல பாக்டீரியா கிருமி தங்கிப்போய் வாரக்கணக்கா சளி இருமலா ஓடறது, குழந்தை பார்க்க நல்லாத்தான் இருக்கும், காய்ச்சல் இருக்காது, எக்ஸ்ரேயும் கிட்டத்தட்ட நார்மலா இருக்கும். 2006-ல ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேன் டாக்டருங்க இதை வரையறுத்து ஒரு பேரு குடுத்தாங்க, தமிழ்ல நீடித்த பாக்டீரியா மூச்சுக்குழாய் அழற்சின்னு சொல்லலாம். அமாக்ஸிசிலின் கிளாவுலனேட்ங்கற ஆன்டிபயாடிக்கை ரெண்டு வாரம் குடுத்துப் பார்த்த ஒரு ஆய்வுல 48 சதவீதம் குழந்தைங்களுக்கு இருமல் நின்னுச்சு, மருந்தில்லாத போலி சிரப் குடிச்சவங்கள்ல 16 சதவீதம் பேருக்குத்தான் நின்னுச்சு. இதைப் படிச்சுட்டு மெடிக்கல் ஷாப்ல போய் ஆன்டிபயாடிக் வாங்கிடாதீங்க தயவுசெஞ்சு. நம்ம நாட்டுல சளி இருமலுக்கு ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டிபியை மனசுல வெச்சே ஆகணும், லீவோஃப்ளாக்ஸசின், லினசாலிட் மாதிரி மருந்துகளைத் தெரியாம குடுத்தா டிபி பாதி அமுங்கிப்போய், கண்டுபிடிக்கறதே கஷ்டமாயிடும்.

டிபி பரம்பரை வியாதி கிடையாது, ஆனா குடும்பத்துக்குள்ளதான் சுத்தும். கடந்த ரெண்டு வருஷத்துல வீட்லயோ பக்கத்துலயோ யாராவது டிபி மருந்து சாப்பிட்டாங்களா, அடிக்கடி வந்து தூக்கி வெச்சுக்கற தாத்தாவுக்கு மாசக்கணக்கா இருமல் இருக்கா, குழந்தைக்கு ரெண்டு வாரத்துக்கு மேல இருமலோ காய்ச்சலோ இருந்து எடையும் குறைஞ்சிருக்கா, இதெல்லாம் கேக்கணும். கையில தோலுக்குள்ள ஊசி போட்டு வீக்கத்தை அளக்கற மாண்டூ டெஸ்ட்டும் எக்ஸ்ரேயும் முதல் படி, துப்பத் தெரியாத குழந்தைக்குக் காலையில வெறும் வயித்துல இரைப்பையிலேர்ந்து நீர் எடுத்துச் சோதிப்பாங்க. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில டெஸ்ட்டும் இலவசம், மருந்தும் இலவசம். உங்க மாமியாருக்கு இருக்கறது ஆஸ்துமாதானா, சமீபத்துல நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தாங்களான்னும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

வேற சிலதை வேகமா சொல்லிட்டுப் போறேன். கடலையோ சப்போட்டா கொட்டையோ புளியங்கொட்டையோ புரை ஏறி மூச்சுக்குழாய்ல மாட்டியிருக்கலாம், விளையாடிட்டு இருந்தப்போ திடீர்னு மூச்சுத் திணறி இருமி அப்புறம் சரியான மாதிரி ஆன ஒரு நாள் ஞாபகம் வருதான்னு யோசிங்க, கடலை எக்ஸ்ரேல தெரியாது, சந்தேகம் இருந்தா உள்ள குழாய் விட்டுப் பார்த்துதான் ஆகணும். தடுப்பூசி விட்டுப்போன குழந்தைக்குக் கக்குவான் இருமல் மூணு மாசம் வரைக்கும் இழுக்கும். யானைக்கால் கிருமி இருந்த பகுதிகள்ல ராத்திரி இருமலோட ரத்தத்துல ஈசினோஃபில்ங்கற வெள்ளை அணு 3000-க்கு மேல ஏறி நிக்கற ஒரு வகை உண்டு, அதை வீசிங்னே நினைச்சு வருஷக்கணக்கா வைத்தியம் பார்த்துட்டு இருப்பாங்க, டை எத்தில் கார்பமசின் மூணு வாரம் குடுத்தா அடங்கிடும். தூங்கினதும் சுத்தமா நின்னுபோற, பகல்ல மட்டும் வர்ற இருமல் பழக்கத்தால வர்றது, அது கொஞ்சம் பெரிய பசங்களுக்கு. நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு எதுவும் இல்லாம இருமலுக்காக மட்டும் ஆசிட் மருந்து குடுக்கறதை நான் ஏத்துக்கறதில்ல.

இப்ப ஜீன் விஷயத்துக்கு வரேன். ஒரே ஒரு ஜீன் கெட்டதால வர்ற வியாதிகள் அபூர்வம், ஆனா உங்க வீட்ல அதை யோசிச்சே ஆகணும். இந்த வியாதிகள் பெரும்பாலும் மறைஞ்சு போற வகை, ஒவ்வொரு ஜீனும் நமக்கு ரெண்டு பிரதி இருக்கு, ஒண்ணு கெட்டிருந்தா ஒண்ணும் தெரியாது, ரெண்டும் கெட்டாத்தான் வியாதி. அப்பா அம்மா ரெண்டு பேருமே ஆளுக்கு ஒரு கெட்ட பிரதியோட நல்லா ஆரோக்கியமா இருப்பாங்க, குழந்தைக்கு வர வாய்ப்பு ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒண்ணு. அத்தை பையனும் மாமா பொண்ணும் ஒரே தாத்தா பாட்டி கிட்டேர்ந்து வந்தவங்க, ரெண்டு பேருக்கும் ஜீன்கள்ல எட்டுல ஒரு பங்கு பொதுவா இருக்கும், அதனால ஒரே கெட்ட பிரதி ரெண்டு பக்கத்துலேர்ந்தும் குழந்தைக்கு வந்து சேர வாய்ப்பு கூடுது, தாய்மாமனைக் கட்டினா இன்னும் கூடுது. தமிழ்நாட்டுல கடைசியா வந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு படி கிட்டத்தட்ட 28 சதவீதம் கல்யாணம் சொந்தத்துலதான். பயமுறுத்த இதைச் சொல்லல, அத்தை மாமா பிள்ளைங்க கட்டிக்கிட்டா பொதுவா இருக்கற ஆபத்தை விட ரெண்டு மூணு சதவீதம்தான் கூடும், பெரும்பாலான குழந்தைங்க நல்லாத்தான் பிறக்கறாங்க. ஆனா இதுலதான் எல்லாரும் ஏமாந்து போறோம், "எங்க குடும்பத்துல யாருக்குமே இப்படி இல்லையே"ன்னு சொல்றது இந்த வகை வியாதி இல்லைங்கறதுக்குச் சாட்சியே கிடையாது, முன்னாடி யாருக்கும் இல்லாமத்தான் இது வரும். பாட்டியோட ஆஸ்துமா கண்ணுக்குத் தெரியறதால அந்தப் பக்கமே எல்லாரும் பார்க்கறாங்க, தெரியாதது தேடப்படாமலே போயிடுது.

அதுல முதல்ல நினைக்க வேண்டியது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், சளி கெட்டியாகி நுரையீரலையும் ஜீரணத்தையும் அடைக்கற பிறவி வியாதி. இதுக்குக் காரணம் 7-ஆவது குரோமோசோம்ல இருக்கற சி.எஃப்.டி.ஆர் ஜீன், 1989-ல கண்டுபிடிச்சாங்க. வெள்ளைக்காரங்க வியாதின்னு சொல்லிச் சொல்லியே நம்ம குழந்தைங்களுக்கு ரொம்ப காலம் தேடாம விட்டுட்டோம், தேடின இடத்துல கிடைக்குது. குழந்தைக்கு முத்தம் குடுத்தா உப்புக் கரிக்குதா, வியர்வை காஞ்சதும் நெத்தியில வெள்ளையா உப்பு பூக்குதா, நல்லா சாப்பிட்டும் எடை ஏறலையா, மலம் எண்ணெய் பிசுக்கா நாத்தத்தோட நிறைய போகுதா, வெயில் காலத்துல உப்புச் சத்து இறங்கி சோர்ந்து ஆஸ்பத்திரியில சேர்த்தீங்களா, இதெல்லாம் கேளுங்க. இதுக்கு முதல் டெஸ்ட் ஜீன் டெஸ்ட் இல்ல, வியர்வை டெஸ்ட். வலிக்காது, வியர்வையில குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலைத் தொட்டாலோ தாண்டினாலோ வியாதி பக்கம்தான், வேலூர் சி.எம்.சி மாதிரி பெரிய இடங்கள்ல செய்யறாங்க. லேப்காரங்க சொல்ற ஜீன் பேக்கேஜ்ல ஒரு ஓட்டை இருக்கு, ஐரோப்பியர்கள் கிட்ட அதிகமா இருக்கற சில மாற்றங்களை மட்டும் பார்க்கற டெஸ்ட்டா இருந்தா நம்ம ஆளுங்க கிட்ட அது தவறிடும், இங்க மாற்றங்கள் வேற வேற, அதனால அந்த ரிப்போர்ட் நார்மல்னு வந்தாலும் நார்மல்னு நம்ப முடியாது. 2019-ல மேல்நாட்டுல வந்த மூணு மருந்து கூட்டு மாத்திரை இந்த வியாதியோட போக்கையே மாத்திடுச்சு, ஆனா அதோட விலை நம்ம ஊர்ல சாதாரண குடும்பத்துக்கு எட்டாத உயரம், அதோட எல்லா மாற்றத்துக்கும் அது வேலையும் செய்யாது. இருந்தாலும் சீக்கிரமே தெரிஞ்சா சத்துணவு, என்சைம், நெஞ்சு பிசியோதெரபின்னு இங்கயே பண்ண நிறைய இருக்கு.

இன்னொண்ணு சிலியா வியாதி. மூச்சுக்குழாய் உள்சுவர்ல கண்ணுக்குத் தெரியாத முடிகள் இருக்கு, சின்னத் துடைப்பம் மாதிரி சளியை மேல தள்ளிட்டே இருக்கும், அது பிறவியிலயே அசையலைன்னா சளி அங்கயே தேங்கிடும். 50-க்கும் மேல ஜீன்கள் இதுல சம்பந்தப்பட்டிருக்கு. இங்கிலாந்துல சொந்தத்துல கல்யாணம் அதிகம் நடக்கற தெற்காசியக் குடும்பங்கள்ல பார்த்தப்போ 2265 பேர்ல ஒருத்தருக்கு இருந்துச்சு, பொதுவா சொல்ற கணக்கை விட அது பல மடங்கு. இதுக்குக் கதை ஆரம்பிக்கறதே பிறந்த அன்னிக்கு, மாசம் நிறைஞ்சு நல்லா பிறந்த குழந்தை காரணமே புரியாம மூச்சு வாங்கி ஐசியூல ஆக்சிஜன்ல இருந்திருக்கும், அன்னிலேர்ந்து வருஷம் பூரா மூக்கு ஒழுகும், காதுல சீழ், தினமும் சளி இருமல். இதுல பாதிப் பேருக்கு இதயம் வலது பக்கம் இருக்கும், சில சமயம் எக்ஸ்ரேல அப்படித் தெரிஞ்சும் ஃபிலிமைத் திருப்பி மாட்டிட்டாங்கன்னு நினைச்சு விட்டுடுவாங்க, அதனால பழைய எக்ஸ்ரே எல்லாத்தையும் தூக்கிப் போடாதீங்க.

எதிர்ப்பு சக்தி குறைபாடுகளும் இருக்கு. அடிக்கடி நிமோனியா, காதுல சீழ், ஆறாத புண்ணுன்னு சேர்ந்து வந்தா ரத்தத்துல கிருமியை எதிர்க்கற புரதமான இம்யூனோகுளோபுலின் அளவு பார்க்கச் சொல்வோம். இதுல ஒரு வகை பையன்களுக்கு மட்டும் வரும், தாய்மாமன்கள் சின்ன வயசுலயே இறந்த கதை வீட்ல இருக்கும், உங்களுக்குப் பொண்ணுங்கறதால அந்த வகைக்கு வாய்ப்பு மிகக் குறைவு. பெரியவங்களுக்கு வர்ற நாள்பட்ட இருமல்ல ஒரு சின்னப் பங்குக்கு ஆர்.எஃப்.சி1-ங்கற ஜீன் காரணம்னு 2019-க்கு அப்புறம் தெரிய வந்திருக்கு, இணையத்துல தேடினா அதுவும் கண்ணுல படும், அது நடுவயசுல வர்றது, நாலு வயசுக் குழந்தைக்குச் சம்பந்தமில்லை.

இன்னும் ஒண்ணு வீட்லயே பார்க்கலாம். குழந்தையோட ரெண்டு கட்டை விரல் நகத்தையும் முதுகோட முதுகா ஒட்டி வெச்சு வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க, நக அடியில சின்னதா டைமண்ட் வடிவ இடைவெளி தெரியணும். அந்த இடைவெளி மறைஞ்சு விரல் நுனி உருண்டு தடிச்சிருந்தா நுரையீரல் உள்ள ரொம்ப நாளா ஏதோ நடக்குதுன்னு அர்த்தம், அப்ப "பார்க்கலாம்"னு தள்ளிப்போடாம நுரையீரல் நிபுணர் கிட்டயே போயிடுங்க.

நடுவுல இருமல் சிரப் மாத்தி மாத்தி வாங்காதீங்க. 2025 செப்டம்பர், அக்டோபர்ல மத்தியப் பிரதேசத்துல குழந்தைங்க இறந்தாங்களே, அந்த சிரப் காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரானது, உள்ள சிறுநீரகத்தைக் கொல்ற டை எத்திலீன் கிளைகால் இருந்துச்சு. அதே சமயத்துல மத்திய அரசு ரெண்டு வயசுக்குக் கீழ இருமல் சிரப் எழுதவே கூடாது, அஞ்சு வயசுக்குக் கீழ பொதுவா வேண்டாம்னு அறிவுறுத்துச்சு. கலப்படமே இல்லாத சிரப்பும் இந்த வயசுல பெருசா எதுவும் பண்றதில்ல. ஒரு வயசு தாண்டின குழந்தைக்கு ராத்திரி ஒரு ஸ்பூன் தேன் தாராளமா குடுங்க, தொண்டைக்கு இதமா இருக்கும், அவ்வளவுதான் எதிர்பார்க்கணும்.

ஆக உங்க பொண்ணுக்கு நான் பார்த்தா இந்த வரிசையிலதான் போவேன்: ரெக்கார்டிங் கேட்டு சளி இருமலான்னு உறுதி, பிறந்ததுலேர்ந்து எடை எப்படி ஏறியிருக்குன்னு தடுப்பூசி அட்டையில பார்க்கறது, எக்ஸ்ரே, ரத்த அணு எண்ணிக்கை, மாண்டூ. டிபி இல்லைன்னு தெரிஞ்சதும் அந்த ரெண்டு வார ஆன்டிபயாடிக், போதலைன்னா இன்னும் ரெண்டு வாரம். அதுல நின்னு திரும்ப வரலைன்னா கதை முடிஞ்சுது, ஜீன் பேச்சே வேண்டாம். நாலு வாரம் குடுத்தும் நிக்கலை, இல்ல வருஷத்துல மூணு தடவைக்கு மேல திரும்பத் திரும்ப வருது, எடை ஏறலை, விரல் தடிச்சிருக்குன்னா வியர்வை டெஸ்ட், இம்யூனோகுளோபுலின், தேவைப்பட்டா சிடி ஸ்கேன், அதுக்கெல்லாம் அப்புறம் என்ன தேடறோம்னு தெரிஞ்சு எடுக்கற ஜீன் டெஸ்ட். எதுவும் தெரியாம முதல்லயே எடுத்தா "அர்த்தம் உறுதியில்லாத மாற்றம்"னு ரெண்டு மூணு வரி வரும், அதை வெச்சுட்டு நீங்களும் டாக்டரும் தூக்கத்தைத்தான் தொலைப்பீங்க. இருமல்ல ரத்தம் வந்தாலோ, மூச்சு இழுக்கும்போது விலா உள்ள வாங்கினாலோ, உதடு நீலமானாலோ இந்த வரிசையெல்லாம் பார்க்காம அப்பவே எமர்ஜென்சிக்குப் போங்க.

ரெண்டாவது குழந்தையைப் பத்திக் கேட்டிருந்தீங்க. இருமலுக்குன்னு கர்ப்பத்துல பண்ற பொதுவான டெஸ்ட் எதுவும் கிடையாது. பொண்ணுக்கு இன்ன ஜீன்ல இன்ன மாற்றம்னு உறுதியானாத்தான், அதே மாற்றம் உங்க ரெண்டு பேர்கிட்டயும் இருக்கான்னு பார்த்து, அடுத்த கர்ப்பத்துல 11-ஆவது வாரத்துக்கு மேல நஞ்சுக்கொடியிலேர்ந்து கொஞ்சம் திசு எடுத்துச் சோதிக்க முடியும். அதனால அடுத்ததுக்குத் திட்டம் போடறதுக்கு முன்னாடி இவளோட இருமலுக்குப் பேரு தெரிஞ்சாகணும். பிறந்தப்போ ஐசியூல இருந்தாளா, இப்ப எடை எத்தனை கிலோ, காதுல சீழ் வந்திருக்கா, இந்த மூணையும் கீழ எழுதுங்க, அதைப் பார்த்துட்டு எந்த டெஸ்ட்லேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லி டாக்டர் கிட்ட கேக்கணும்னு சொல்றேன்.